இருபத்து மூன்று நாள் நிற்காத பிக்கப்

மே மாதம் இருபத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, முப்பத்தாறு மூட்டை எள்ளுப் புண்ணாக்கை ஏற்றிக்கொண்டு செவல்மங்கலத்துக்குள் நுழைந்த சொரிமுத்துவின் பிக்கப் வண்டி, கீழத்தேர் வீதியில் அவர் வீட்டு வாசலில் பிரேக்கை ஒரு முறை மிதித்தும், இரண்டு முறை மிதித்தும், வழக்கமாகப் பிடிக்கிற நான்காவது முறை மிதித்தும் நிற்காமல், மனிதன் நடக்கிற வேகத்தில் வீட்டைத் தாண்டிப் போய்த் தெற்குத்தேர் வீதிக்குள் திரும்பியது. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார், வண்டி போனது. கியரை மாற்றினார், போனது. கை பிரேக்கின் கம்பி அறுந்து மூன்று வருடம் ஆகியிருந்ததால் அதைத் தொடவில்லை. நான்கு தேர் வீதிகளையும் சுற்றிப் பத்தொன்பது நிமிடம் கழித்து மறுபடி தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது, அவர் மனைவி ஆவுடைத்தாய் மோர்ச் செம்போடு நின்றிருந்தாள். "நிக்க மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே அவர் கடந்து போனார்.

ஆவுடைத்தாய் கூடவே நடந்து, முக்குத் திரும்புவதற்குள் செம்பை ஜன்னல் வழியாக நீட்டினாள். இருபத்தாறு வருடம் ஒரு டிரைவரோடு குடும்பம் நடத்தியவளுக்கு நிற்காத வண்டி பெரிய சங்கதியாகத் தோன்றவில்லை; வராத வண்டி, பாதி வழியில் படுத்த வண்டி, அச்சு முறிந்து இரண்டு நாள் ரோட்டோரம் கிடந்த வண்டி என்று எத்தனையோ பார்த்திருந்தாள். அந்த வண்டியும் லேசுப்பட்டதல்ல. பக்கத் தகடு முழுவதும் துருவேறி அப்பளம் மாதிரிப் பொரிந்திருந்தது. டிரைவர் காலடியில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஓட்டை விழுந்து, உட்கார்ந்தபடியே கீழே ரோடு ஓடுவதைப் பார்க்கலாம். மத்தியானத்துக்குள் நின்றுவிடும் என்று அவர் சொன்னார், அவளும் அப்படித்தான் நினைத்தாள். மத்தியானம் புண்ணாக்குக்குச் சொல்லியிருந்தவர்கள் அவரவர் வாசலில் நின்று, வண்டி வரும்போது ஆளுக்கொரு மூட்டையாக இறக்கிக்கொண்டார்கள். நாலு சுற்றில் முப்பத்தாறும் இறங்கியது. சாயங்காலம் அவள் சோறும் நெத்திலிக் குழம்பும் தூக்குச்சட்டியில் கொடுத்துவிட்டாள். அடுத்த சுற்றில் காலிச்சட்டி வந்தது.

செவல்மங்கலம் தேரோடுகிற ஊர். நாற்பத்தோரு அடித் தேரை வடம் பிடித்து இழுக்க ஐந்நூறு பேர் வேண்டும், நிறுத்த ஒரு ஆள் போதும். அந்த ஆள் கொம்பையா. சக்கரத்துக்கு அடியில் புளியங்கட்டையைச் செருகித் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர் குடும்பத்து உரிமை, ஒரு பங்குனியில் டீக்கடைப் பாய்லருக்கு நாலு விரற்கடை இடம் விட்டுத் தேரை நிறுத்தியவர் என்று அவருக்குப் பேர். மறுநாள் காலை அவர் குளித்து, திருநீறு பூசி, மேலத்தேர் வீதியில் காத்திருந்து பிக்கப்பின் முன் சக்கரத்துக்குக் கட்டை போட்டார். வண்டி, பசுமாடு வாசற்படி ஏறுவது போல அதன்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. இரண்டு கட்டை போட்டார், நாலு போட்டார். சொரிமுத்துவின் பல் ஆடியதுதான் மிச்சம். அதன்பின் தேர்வடத்தையே கொண்டுவந்து வண்டியின் பின்னால் கட்டி, நூறு பேர் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். நூறு பேரையும் வண்டி ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போய்வந்தது. நாலு வீதியையும் முழுசாக நடந்து ரொம்ப நாளாயிற்று, நல்லாத்தான் இருந்தது என்று சிலர் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வழியில் வைக்கோல்போர் போட்டுப் பார்த்தார்கள். வண்டி அதற்குள் புகுந்து, தலையில் வைக்கோலோடு வெளியே வந்தது. கொம்பையா மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. "தேரே எனக்கு நின்னுருக்கு" என்று மட்டும் வீட்டில் சொன்னாராம்.

இறங்கிவிடச் சொன்னார்கள். சொரிமுத்து ஒரு முறை இறங்கியும் பார்த்தார். இறங்கியதும் வண்டி முக்கில் திரும்பாமல் நேராகப் பள்ளிக்கூடச் சுவரைப் பார்த்துப் போனது, ஓடிப்போய் ஏறிக்கொண்டார். அவர் இருக்கையில் இருக்கிற வரைக்கும் அது ஒழுங்காகத் திரும்பியது, அவர் தூங்கினாலும் திரும்பியது. வேறு யார் உட்கார்ந்தாலும் அதற்குச் சம்மதமில்லை. இருபத்து மூன்று நாளும் அவருடைய மற்ற அவசியங்களுக்கு என்ன ஏற்பாடு என்பதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. ஏற்பாடு இருந்தது, தகட்டில் ஓட்டையும் இருந்தது.

முதல் வாரம் முடிவதற்குள் ஊர் வண்டிக்குப் பழகிவிட்டது. ரோட்டோரத்தில் நெல் காயப்போடுகிறவர்கள் இரண்டு சக்கரத்துக்கு மட்டும் இடம் விட்டுக் காயப்போட்டார்கள். ஆடுகள் சத்தம் கேட்டு ஒதுங்கின, நாய்கள் குரைப்பதை விட்டன. முடிதிருத்துகிற சங்கரபாண்டி படியில் நின்றபடி வெள்ளிக்கிழமைதோறும் சவரம் செய்துவிட்டார். தண்ணீர் பிடிக்கப் போகிற பெண்கள் குடத்தைப் பின்னால் ஏற்றிவிட்டு வெறுங்கையாக நடந்தார்கள். தெற்குத்தேர் வீதிக் கிழவர்கள் வடக்குத்தேர் வீதி ரேஷன் கடைக்கு வண்டியில் போய், அடுத்த சுற்றில் அரிசியோடு திரும்பினார்கள். பஞ்சாயத்து எழுத்தர் சாவடிச் சுவரில் வண்டி எந்த முக்குக்கு எத்தனை மணிக்கு வரும் என்று சுண்ணாம்பில் எழுதிவைத்தார். மூன்றாம் நாளே யாரோ அதன் கீழே 'ஞாயிறும் உண்டு' என்று கரியால் சேர்த்தார்கள். வேகம், தூரம், காலம் கணக்கை ஆறாம் வகுப்பு வாத்தியார் வகுப்பறைக்கு வெளியே நடத்தினார். ஒரு போலீஸ்காரர் வந்து ஓரங்கட்டச் சொல்லிப் பார்த்து, கூடவே ஒரு சுற்று நடந்து எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். தாலுகா ஆபீசிலிருந்து வந்தவர் 'கண்காணிப்பில் உள்ளது' என்று குறித்துக்கொண்டார். டிவிக்காரர்கள் இரண்டு நாள் படம் எடுத்துவிட்டு, வண்டி வேறெதுவும் செய்யாததால் கிளம்பிவிட்டார்கள்.

கோயில் பட்டரிடம் ஒரு சந்தேகம் கேட்டார்கள். வண்டி தேர் போகிற திசையிலேயே வலமாகத்தான் போகிறது, அதனால் தோஷமில்லை என்று அவர் சொன்னார். அதற்குப் பிறகு சிலர் அதன் பின்னால் பதினொரு சுற்று வேண்டிக்கொண்டு நடந்தார்கள். ஒருத்திக்கு முட்டுவலி போயிற்று. நடந்தால் போகும் என்று நான் நாலு வருடமாகச் சொல்கிறேனே என்று நர்ஸ் அம்மா வருத்தப்பட்டார்.

ஆவுடைத்தாய்க்கு அந்த நாட்களில் ஒரு வித நிம்மதிகூட இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து, புருஷன் இந்நேரம் எங்கே இருப்பார் என்று அவளுக்குத் தெரிந்ததே கிடையாது. இப்போது எந்த நிமிடத்திலும் சொல்ல முடிந்தது. இட்லி வேகும் நேரத்தில் மேலத்தேர் வீதி, இறக்கும் நேரத்தில் வாசல். பேச்சும் புதிதாக ஒரு விதத்தில் நடந்தது. அவள் ஒன்று கேட்பாள், அவர் கடந்து போவார், பத்தொன்பது நிமிடம் கழித்துப் பதில் வரும். அதைக் கேட்டுக்கொண்டு அவள் உள்ளே போய், அரிசி களைந்தபடி யோசித்து, அடுத்த சுற்றுக்கு அடுத்த வார்த்தையைத் தயாராக வைத்திருப்பாள். இருபத்தாறு வருடத்தில் அவர்கள் இவ்வளவு நிதானமாகச் சண்டை போட்டதில்லை.

சண்டை ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான். மகள் பிரம்மசக்திக்கு ஆனி பன்னிரண்டில், அதாவது ஜூன் இருபத்தாறில், முகூர்த்தம் குறித்திருந்தது. மாப்பிள்ளை செந்தூர்பாண்டிக்குக் கோவில்பட்டியில் பாத்திரக்கடை. பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுத்துத் தாரை வார்க்க அப்பன் மணவறையில் நிற்க வேண்டும். வண்டியோ கல்யாண மண்டபத்து வாசலைப் பத்தொன்பது நிமிடத்துக்கு ஒரு முறை கடந்து போய்க்கொண்டிருந்தது. உன் அண்ணனை நிற்கச் சொல் என்று அவர் ஒரு சுற்றில் சொன்னார். பெத்தவர் இருக்கும்போது அண்ணன் எதுக்கு நிக்கணும் என்று அவள் அடுத்த சுற்றில் கேட்டாள். அப்பா வரும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நிற்கிற மகள், அன்றைக்கு உள்ளேயே இருந்துகொண்டாள். வாசலைப் பார்த்துக்கொண்டே போனவரின் முகத்தை ஆவுடைத்தாய் பார்த்தாள். அந்த நிமிடத்தில் அவளுக்கு இருந்த கொஞ்ச நிம்மதியும் போயிற்று.

பதினேழாம் நாள் மாப்பிள்ளையின் தாய் செண்பகவல்லி ஆட்டோவில் வந்து இறங்கினாள். வண்டியோடு அரை வீதி நடந்து, டிரைவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நின்றுகொண்டாள். மணவறையையே வண்டியில் போட்டுவிடலாம், அலங்காரம் பண்ணிவிட்டால் தேர் மாதிரி இருக்கும் என்று ஊரில் நாலு பேர் ஆசையோடு சொன்னார்கள்.

"அக்கினியைச் சுத்துறது பொண்ணும் மாப்பிள்ளையும்தான்" என்றாள் செண்பகவல்லி. "மாமனார் இல்ல."

பிறகு ஆவுடைத்தாயைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, ஆனால் அப்பன் ஒரு இடத்தில் நிற்க முடியாத வீட்டில் சம்பந்தம் செய்தார்கள் என்ற பேச்சைத் தன் வீட்டுக்காரர் தாங்கமாட்டார் என்றாள். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வருவதாகவும், வண்டி நின்றிருந்தால் மேற்கொண்டு பேசலாம், இல்லையென்றால் மனஸ்தாபம் இல்லாமல் அவரவர் வழியைப் பார்க்கலாம் என்றும் சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை. போகும்போது பிரம்மசக்திக்கு மல்லிகைப்பூ கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

மெக்கானிக்கை அதுவரை கூப்பிடாமல் இல்லை. மெயின் ரோட்டு விலக்கில் பட்டறை வைத்திருக்கிற லூர்துவுக்கு முதல் நாளே போன் போயிற்று. வண்டியைக் கொண்டாந்து விடுங்க, பாத்துருவோம் என்று அவர் சொன்னார். நிற்கவில்லை என்று விளக்கினார்கள். அதுக்குத்தானே, கொண்டாந்து விடுங்க என்றார். பதினெட்டு நாளும் இதே பேச்சுதான் நடந்தது. பதினெட்டாம் நாள் ஆவுடைத்தாய் விலக்குக்கு நடந்தே போய், அவர் பட்டறை வாசலில் உட்கார்ந்துகொண்டு, மெக்கானிக் வராமல் எழுந்திருப்பதாக இல்லை என்றாள். லூர்து நூற்றுப்பதினைந்து கிலோ. வண்டிக்கு அடியில் அவர் புகுந்த காலம் போய் வெகுநாளாயிற்று. கூட இருந்த ஆளும் திருப்பூருக்குப் போய்விட்டான். ஆனாலும் வந்தார். மூச்சு வாங்க ஒரு சுற்று நடந்து, பானெட்டைத் தூக்கி, பிரேக் எண்ணெய் டப்பாவின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"மதினி," என்றார், "இதுல தோசை சுடலாம்."

உள்ளே இருந்தது நல்லெண்ணெய். சொரிமுத்து அன்று மாலை, ஒரு சுற்றுக்கு ஒரு வார்த்தை வீதம், மனைவியிடம் ஒப்புக்கொண்டார். பிரேக் எண்ணெய் ஆறு மாதமாகக் கசிந்துகொண்டிருந்தது. புண்ணாக்கு எடுக்கிற செக்கில் எண்ணெய் சும்மாவே கிடைத்தது. எண்ணெய்க்கு எண்ணெய்தானே என்று ஊற்றினார். ஒரு மிதியில் பிடித்தது இரண்டு மிதியானது, இரண்டு மூன்றானது. நாலு மிதித்தால் பிடிக்கிறது என்று பழகிக்கொண்டார். ஆறு மாதமும் ஊர்ப் பிள்ளைகளையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு அதிலேதான் போனார். கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரும்வரை அவள் வாசலிலேயே நின்றாள்.

"எங்கிட்ட ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

 அவர் அடுத்த சுற்றிலும் அதற்கடுத்த சுற்றிலும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி வைத்திருந்தார். மூன்றாம் சுற்றில் அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு முக்கு வரை நடந்தாள்.

நல்லெண்ணெய் பட்டு, பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரிலும் இடது பின்சக்கரத்திலும் ரப்பர் ஊறிப் பெருத்துக் கிடக்கிறது, இரண்டையும் மாற்ற வேண்டும் என்றார் லூர்து. கட்டை போட்டு நிற்காத வண்டி பிரேக்குக்கு மட்டும் நிற்குமா என்று கொம்பையா கேட்டார். எந்த வண்டியும் தன் பிரேக்குக்குத்தான் நிற்கும், அடுத்தவர் போடுகிற கட்டைக்கு எதற்கு நிற்க வேண்டும் என்று லூர்து திருப்பிக் கேட்டதும், கொம்பையா யோசித்துவிட்டு, நியாயம்தான் என்று சொல்லி அந்த நிமிடமே அவரோடு சேர்ந்துகொண்டார். இடது பின்சக்கரத்தைக் கழற்றாமல் வேலை நடக்காது. ஓடுகிற வண்டியில் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் அந்த மூலையை இன்னொரு சக்கரம் தாங்க வேண்டும். ஊரில் அந்தக் கனத்தைத் தாங்கக்கூடியது முப்பிடாதி அம்மனின் சகடை ஒன்றுதான். அம்மன் திருவீதி உலா வருகிற, நாலு இரும்புச் சக்கரம் வைத்த பலகை வண்டி அது. அம்மன் ஏறுகிற பலகையில் பிக்கப் ஏறலாமா என்று கோயில் கமிட்டி ஒரு பகல் முழுக்கப் பேசியது. ஊர்ப் பெண்ணின் கல்யாணம், அம்மனே கூட நின்று சகடையைத் தள்ளிவிடுவாள் என்று ஒருவர் சொன்னார். முடிவில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குச் சகடையைக் கழுவி ஒப்படைக்க வேண்டும், ஆறு மணிக்கு அம்மன் புறப்பாடு என்று நிபந்தனை போட்டுக் கொடுத்தார்கள்.

ஜூன் இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலை ஆரம்பித்தது. லூர்து முன் பம்பரில் ஒரு பலகையைக் கட்டி, ரோட்டுக்கு முதுகைக் காட்டிச் சொரிமுத்துவைப் பார்த்தபடி உட்கார்ந்து, போகிற போக்கிலேயே மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்து ரப்பர் மாற்றினார். வடக்குத்தேர் வீதியில் பதினான்கு பேர் மூங்கில் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்க, கொம்பையா சகடையை அச்சுக்கு அடியில் செருகினார். தேர்ச் சக்கரத்தடியில் கை வைத்துப் பழகிய ஆள் என்பதால் அவர் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சக்கரம் தரையை விட்டுக் கிளம்பி வெறுமனே சுற்றியது. அதைக் கழற்றி, டிரம்மைச் சுத்தியலால் தட்டி எடுத்து, பிரேக் குழாயின் வாயை மூடுகிற துருப்பிடித்த நிப்பிளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு சுற்று ஊறவைத்து, உடையாமல் திருப்பி, ஊறிப்போன ரப்பரை எடுத்துப் புது ரப்பர் போட்டு, மறுபடி எல்லாவற்றையும் மாட்டி முடிக்கும்போது மணி ஒன்றரை. இதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது.

மிச்சம் இருந்தது ஏர் எடுக்கிற வேலை. குழாயில் காற்று இருந்தால் மிதிக்கிற காலின் பலத்தை அந்தக் காற்றே தின்றுவிடும், பிரேக் பிடிக்காது. ஒருவர் மிதித்துக் காலை எடுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற நிப்பிளைத் திறந்து, காற்றும் எண்ணெயும் ஒரு ரப்பர் குழாய் வழியாகக் காலிப் பாட்டிலுக்குள் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் கால் எழ வேண்டும். முன்கூட்டியே எழுந்தால் போன காற்றைவிட அதிகக் காற்று உள்ளே வந்துவிடும். சின்ன வேலைதான். ஆனால் வண்டியோடு அந்நேரம் முந்நூறு பேர் நடந்துகொண்டிருந்தார்கள், முந்நூறு பேரும் தேர் இழுத்துப் பழகியவர்கள். நாலு பேர் பாடுபடுகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு நடப்பதை அந்த ஊர் பாவமாக நினைத்தது. கொம்பையா சகடையில் உட்கார்ந்து ஸ்பேனரைப் பிடித்து, மிதி என்றார். முந்நூறு பேரும் மிதி என்றார்கள். அவர் பிடி என்று சொல்வதற்குள் யாரோ விடு என்றான், பின்னால் வந்தவர்கள் அதையே வாங்கிச் சொன்னார்கள், சொரிமுத்து விட்டார். பாட்டிலில் குமிழி வருவதற்குப் பதிலாகக் காற்று மறுபடி உள்ளே போனது. லூர்து கையெடுத்துக் கும்பிட்டுச் சத்தம் போடவேண்டாம் என்றார். சத்தம் போடாதே என்று முந்நூறு பேரும் ஒருவருக்கொருவர் சத்தம் போட்டுக்கொண்டார்கள். நாலு பாட்டில் பிரேக் எண்ணெய் வாங்கி வைத்திருந்தது. மூன்று பாட்டில் தீர்ந்தபோது மணி மூன்றைத் தொட்டது. கோவில்பட்டிக்குப் போய் இன்னொரு பாட்டில் வாங்கிவர நேரமில்லை.

ஆவுடைத்தாய் கொம்பையாவிடம் கையை நீட்டி ஸ்பேனரைக் கேட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சகடையில் ஏறி, ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு நிப்பிளைத் தேடிப் பிடித்தாள். அவள் இருந்த இடத்திலிருந்து புருஷனின் முகம் தெரியாது. கண்ணாடியில் ஒரு காது மட்டும் தெரிந்தது. எல்லாருடைய பேச்சையும் கேட்டு எல்லாருடைய பேச்சுக்கும் கட்டுப்படுகிற காது. ஊர் அவரை மாமா என்றது, சித்தப்பா என்றது, அண்ணாச்சி என்றது, டிரைவரே என்றது; அவள் ஏங்க என்பாள். அந்தக் கூட்டத்தில் ஏங்க என்று கூப்பிட்டால் பாதி ஆம்பளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். வேறு வாயிலிருந்து வர முடியாத ஒரு சொல் வேண்டியிருந்தது. அப்படி ஒன்று அவளிடம் இருந்தது. இருபத்தாறு வருடமாக அதை அவள் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பேர் கேட்டால் மகளைச் சொல்லச் சொல்வாள், மகள் இல்லையென்றால் கார்டை நீட்டுவாள்.

"சொரிமுத்து" என்றாள்.

முதலில் கேட்டது பக்கத்தில் நடந்த பெண்களுக்கு. அவர்கள் வாயில் கையை வைத்தார்கள். அவர்கள் நிறுத்தியதைப் பார்த்து அடுத்த வரிசை நிறுத்தியது, என்ன என்று கேட்க வாயைத் திறந்தவர்களும் கேட்காமல் மூடினார்கள், வீதியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு சத்தம் இல்லாமல் போயிற்று. சகடையின் இரும்புச் சக்கரம் மட்டும் கறகறவென்று உருண்டது.

"சொரிமுத்து, மிதி" என்றாள். கண்ணாடியில் அந்தக் காது அசைந்தது. "பிடி."

கால் ஓட்டைத் தகட்டுக்கு மேலே இறங்கியது, அங்கேயே நின்றது. அவள் ஸ்பேனரைக் கால் திருகு திருப்பினாள். குழாய் வழியாகப் பாட்டிலுக்குள் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு குமிழி வந்து உடைந்தது, பின்னால் இன்னும் இரண்டு. மூடினாள்.

"சொரிமுத்து, விடு."

இப்படி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் இடம் மாறி உட்கார்ந்து, இடது பின்சக்கரத்தில் பதினோரு முறை, வலது பின்சக்கரத்தில் ஆறு முறை, முன்சக்கரங்கள் இரண்டிலும் சேர்த்து ஏழு முறை. இருபத்து நாலு முறையும் பேர் சொன்னாள், ஒரு முறைகூட மரியாதை போட்டுச் சொல்லவில்லை, ஒரு முறைகூட அவர் முந்தவில்லை. குமிழிகள் சின்னதாகி, கடுகாகி, கடைசியில் எண்ணெய் மட்டும் நூல் மாதிரி வந்தது. லூர்து பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, போதும் என்று கை காட்டினார். நாலாவது பாட்டிலில் இரண்டு விரற்கடை மிச்சமிருந்தது. மூங்கில் கொடுத்துச் சகடையை உருவினார்கள், வண்டி தன் சொந்தச் சக்கரத்தில் இறங்கி மேலத்தேர் வீதியில் போனது, வடக்குத்தேர் வீதியில் திரும்பியது. எங்கே மிதிக்க என்று சொரிமுத்து கேட்டார்.

"வீட்டு வாசல்ல" என்றாள் அவள், இறங்கிக் கூட நடந்தபடி.

மூன்று ஐம்பத்தைந்துக்கு, பூவரச மரத்தைத் தாண்டி, ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த செண்பகவல்லியைத் தாண்டி, கீழத்தேர் வீதியில் தன் வீட்டுக்கு நேரே சொரிமுத்து ஒரே ஒரு முறை மிதித்தார். வண்டி, சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற எந்த வண்டியையும் போல நின்றது.

யாரும் கைதட்டவில்லை. முந்நூறு பேரும் பழக்கத்தில் நாலு அடி முன்னால் போய்விட்டு, பிறகு திரும்பி வந்தார்கள். ஒரு ஆடு, வண்டி கடந்து போகட்டும் என்று ரோட்டோரத்தில் ஒதுங்கி நின்று, அது கடக்காததால் வெகுநேரம் அப்படியே நின்றது. பின்னால் ரேஷன் பையோடு உட்கார்ந்திருந்த மூன்று கிழவர்கள், வண்டி எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டார்கள். இனி எடுக்காது என்று தெரிந்ததும், எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று முணுமுணுத்தபடி இறங்கி நடந்தார்கள். கொம்பையா யாரும் சொல்லாமலே ஒரு புளியங்கட்டையைக் கொண்டுவந்து முன்சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, எழுந்து, இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தார். கட்டை அங்கேயே இருந்தது. அன்றைக்குத்தான் அவர் சிரித்தார்.

இன்னொரு தடவை ஓட்டி நிறுத்திக் காட்டச் சொல்லலாமா என்று செண்பகவல்லி மெதுவாகக் கேட்டாள். ஆவுடைத்தாய் கையிலிருந்த கறுப்பு எண்ணெயைப் பழந்துணியில் துடைத்தாள்.

"இன்னைக்குப் போதும் மதினி. காப்பி குடிப்போம், வாங்க" என்றாள்.

சொரிமுத்து கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார். அது தரைதானா என்று சந்தேகப்பட்டவர் போல எடுத்தார், மறுபடி வைத்தார், இன்னொரு காலையும் வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு, உடம்பு லேசாக முன்னால் சாய நின்றார். உள்ளேயிருந்து பிரம்மசக்தி ஓடிவந்து நிலைப்படியில் நின்றுகொண்டாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வெறுங்காலோடுதான் அவர் வண்டி ஓட்டுவார் என்பதால் இருபத்து மூன்று நாளாக வாசலில் சும்மா கிடந்த செருப்பை ஆவுடைத்தாய்க் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"போட்டுக்கோங்க" என்றாள். "தார் சுடுது."

ஆறு மணிக்கு, கழுவித் துடைத்த சகடையில் அம்மன் புறப்பாடு நடந்தது. வழியில் நின்ற பிக்கப்புக்காகச் சகடையைக் கொஞ்சம் ஒதுக்கி ஓட்ட வேண்டியிருந்தது.

ஜூன் இருபத்தாறாம் தேதி வியாழக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு, தெற்குத்தேர் வீதி மண்டபத்தில் பிரம்மசக்திக்கும் செந்தூர்பாண்டிக்கும் திருமணம் நடந்தது. தாரை வார்த்தபோது சொரிமுத்து நான்கு நிமிடம் நின்றார்.